திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் பேசுகிறீர்களா? முதலில் பபூனைப் பிடியுங்கள்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த வருஷம் பாட்டுக் கச்சேரி வேண்டாம், வள்ளி திருமணம் வைப்போம் என்று கமிட்டியில் முடிவானது. நடிகர்களைப் பேசி முடிக்கும் வேலை என் தலையில். நாடகமும் நடந்து முடிந்தது. நாடகம் வைக்க நினைக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே கம்பெனி இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (டிரம், தாளச் சத்தங்கள்) என்று ஆளாளுக்குத் தனிச் சம்பளம். ஒத்திகையே கிடையாது. அன்றைக்குத்தான் முகம் பார்த்தவர்கள்கூட முருகனும் வள்ளியுமாக நிற்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்து வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். அதில்தான் வண்டி ஓடுகிறது.

நோட்டீஸில் பெரிய போட்டோ ராஜபார்ட்டுக்கு. கணீர்க் குரல்தான், ஆனால் வேலன், வேடன், விருத்தன் மூன்றுக்கும் ஒரே நடை. கிழவனாக வரும்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தால் வள்ளி எப்படி ஏமாறுவாள்? ஸ்திரீபார்ட் அம்மா பரவாயில்லை, நாரதரோடு தர்க்கத்தில் விட்டே கொடுக்கவில்லை.

ராத்திரியைக் காப்பாற்றியவர் பபூன். அவர் மேடையேறிய கொஞ்ச நேரத்தில் மைக் செட் படுத்துவிட்டது. கூட்டம் சலசலக்க ஆரம்பித்ததும் மனுஷன் மேடை விளிம்புக்கு வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், மைக் செட்காரர் மேலேயே காவடிச்சிந்து மெட்டில் ஒரு பாட்டுக் கட்டிவிட்டார், வெறும் தொண்டையில்! அவர் ஒரு அடி பாடி நிறுத்த, மிருதங்கம் அதையே திருப்பி வாசித்துக் கேலி செய்ய, பாய் விரித்துப் படுத்திருந்த அப்பத்தாக்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விடிந்ததும் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். காதோரம் பவுடர் இன்னும் போகவில்லை. "சின்னதுல அரிச்சந்திராவுல லோகிதாசன் வேஷம் போட்டேன் தம்பி. வயசுல குரல் உடையுமே, அந்த மகரக்கட்டு வந்துச்சு, அப்புறம் சுருதி ஏறவே இல்ல. ராஜபார்ட் ஆசை அதோட போச்சு. ஆர்மோனியக்காரர்தான் 'உனக்கு வாய் இருக்குடா, பபூன் போடு'ன்னாரு" என்றார். பங்குனியிலிருந்து ஆடி வரை தூக்கமில்லாத பிழைப்பு, மழைக்காலத்தில் கிடைத்த வேலை. "சுவாமிகளே எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டினவருதான். நமக்கென்ன குறைச்சல்?" என்று சிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. டான்ஸோடு சேர்ந்து அடித்த ரெட்டை அர்த்தத்தில் சிலது குழந்தைகள் முன்னால் கேட்கிற மாதிரி இல்லை. அச்சாரம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், குறைத்துக்கொள்வார்கள். காமிக்கே நீண்டுவிட்டதால் வள்ளி ஆலோலம் பாட வரும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது, பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

ஆர்மோனியக்காரருக்கும் காசைக் குறைக்காதீர்கள். பின்பாட்டு பாடி, யார் வரியை மறந்தாலும் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அடுத்த வருஷத்துக்கு அவருக்கும் பபூனுக்கும் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. ராஜபார்ட் யாரென்று இன்னும் பேசவில்லை.