குழந்தைக்குப் புற்றுநோய்: வழக்கமான சிகிச்சையா, ட்ரையலா?

டாக்டர் 'ட்ரையல்' (சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) என்று வாயெடுத்ததுமே, நம் பிள்ளையை வைத்துப் பரிசோதனை பண்ணப் போகிறார்கள் என்றுதான் பல பெற்றோருக்குத் தோன்றும். அது எந்தக் கட்ட ட்ரையல் என்று முதலில் கேளுங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

மூன்றாம் கட்டம் என்றால், புது சிகிச்சைக்குப் போட்டி வழக்கமான சிகிச்சையோடு. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2019-இல் தொடங்கிய ஏஏஎல்எல்1731 ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம். 1,440 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான கீமோ, மறு பாதிக்கு அதே கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்ற புது மருந்தை இரண்டு சுற்று கொடுத்தார்கள். யாருக்கும் டம்மி மருந்து கிடையாது. குலுக்கலில் புது மருந்து விழாத பிள்ளைக்கும் நல்ல கீமோ கிடைத்தது. மூன்றாண்டுக் கணக்கில் நோயில்லாமல் இருந்தவர்கள் கீமோ மட்டும் என்றால் 87.9 சதவீதம், புது மருந்தும் சேர்ந்தால் 96 சதவீதம் என்று தெரிந்ததும் குலுக்கலையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் சும்மா கிடைத்ததில்லை. ஒரு சுற்று என்றால் 28 நாள், இரவும் பகலும் மருந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப்பையும் மருந்தையும் குட்டி முதுகுப்பையில் வைத்து, மார்பில் பொருத்திய மருந்துக் குழாயோடு இணைத்துக்கொண்டுதான் தூக்கம், விளையாட்டு எல்லாம். தொற்றும் சிலருக்கு அதிகமானது.

எல்லா ட்ரையலும் மருந்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்த இந்திய ஐசிக்கிள் ஆய்வு, ஆபத்து குறைவான சிறு பிள்ளைகளுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 5 வாரத்திலிருந்து 3 வாரமாக்கினால் தொற்று போன்ற பக்கவிளைவு குறையுமா என்று பார்த்தது. புற்றுநோயால் அல்ல, தொற்றால் பிள்ளையைப் பறிகொடுக்கும் நம் ஊருக்கு இது ரொம்பத் தேவையான கேள்வி.

முதல் கட்டம் வேறு கதை. பெரும்பாலும் நோய் திரும்பி வந்து, தெரிந்த மருந்துகள் கைவிட்ட பிறகுதான் இந்தப் பேச்சே வரும். எவ்வளவு டோஸ் தாங்கும் என்று சிறு சிறு குழுவாகச் சேர்த்துப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பார்கள். கட்டி சுருங்கலாம், ஆனால் குணமாகிவிடும் என்று நம்பிச் சேர்க்கக் கூடாது. இங்கே எதிரே நிற்பது கீமோ இல்லை, வலியைக் குறைத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. அடிக்கடி ரத்தம் எடுப்பதும் ஆஸ்பத்திரியிலேயே கழியும் நாட்களும் ட்ரையல் பக்கம்தான் என்று சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், மூன்றாம் கட்டத்துக்குப் பெரும்பாலும் சரி என்பேன், போக்குவரத்துச் செலவு தாங்கும் என்றால். முதல் கட்டத்தில் பிள்ளை சொல்வதற்குத்தான் முதலிடம். இந்தியாவில் 7 வயதுக்கு மேல் அவர்களிடமும் ஒப்புதல் கேட்டாக வேண்டும், அதனால் எத்தனை ஊசி, எத்தனை நாள் என்ற அட்டவணையைப் பிள்ளையின் முன்னாலேயே விரிக்கச் சொல்லுங்கள். நடுவில் வேண்டாம் என்றால் வெளியே வந்துவிடலாம், அதற்காக ஆஸ்பத்திரி மற்ற சிகிச்சையை நிறுத்தக் கூடாது.