கிணற்றுத் தண்ணீர் பார்க்கும் ஒளிமானியோடு எட்டு வருடம்

எங்கள் ஆய்வுகூடத்துக்கு அதிகம் வருவது கிணற்றுத் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்று தோட்டம் செய்யும் பக்கங்களிலிருந்து போத்தலில் கொண்டுவருவார்கள். மேலே வெங்காயத்துக்குப் போட்ட உரம், கீழே சுண்ணாம்புக் கல். உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று நேரே கிணற்றில் இறங்கிவிடும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தையோடு வந்து முடிவுக்குக் காத்திருக்கும் தாய்க்குப் பிழையான எண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அதை அளப்பது ஒளிமானியால்: தண்ணீருக்குள் ஒளியை விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் கருவி. அதை வாங்கும்போது திரையையும் மென்பொருளையும்தான் விசாரித்தோம். இப்போது யாரும் கேட்டால், விளக்கையும் உள்ளே இருக்கும் ஆடிகளையும் பற்றி முதலில் கேளுங்கள் என்பேன்.

மாதிரித் தண்ணீரை ஊற்றி வைக்கும் சின்னக் கலமான குவெட்டில்தான் முதலில் மாட்டுப்பட்டோம். நைத்திரேற்றை 220 நானோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் பார்ப்போம். அங்கே சாதாரண கண்ணாடி ஒளியைத் தானே விழுங்கிவிடும், குவார்ட்ஸ்தான் வேண்டும். ஒரு நாள் வெறும் தண்ணீர் வைத்தே பூச்சியம் வரவில்லை. விளக்குப் போய்விட்டதென்று நினைத்தோம். குவெட்டின் விளிம்பைப் பார்த்தால் குவார்ட்ஸைக் குறிக்கும் 'கியூ' இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் குறிக்கும் 'ஜி'. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்திருந்தன.

அந்தப் புற ஊதா ஒளியைத் தரும் டியூட்டீரியம் விளக்கு ஏறக்குறைய 1000 மணித்தியாலம் வரும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் அது தேயும். 2022 இல் கரண்ட் நின்று நின்று வந்த மாதங்களில் ஒரு விளக்கு சீக்கிரமே போனது. அப்புறம்தான் யுபிஎஸ் வைத்தோம்.

எல்லாவற்றையும் விட மோசம் மாரி. நாலாவது வருடம், செறிவு கூடின நியமக் கரைசல்கள் (செறிவு முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசல்கள்) வர வேண்டியதை விடக் குறைவாகக் காட்டின. மூடியைத் திறந்து டோர்ச்சைச் சரித்துப் பிடித்தேன். மாதிரி வைக்கும் அறைக்கு முன்னால் உள்ள வில்லையில் சிலந்தி நூல் போல வெள்ளைக் கீறல்கள். பூஞ்சணம். அது சிதறவிட்ட ஒளியும் உணரியில் விழுந்து, உறிஞ்சலைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. முகவரின் ஆள் வரவே ஒன்றரை மாதம். வில்லையைத் துடைத்தார், ஒரு ஆடியை மாற்றினார். ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கைத் தொடவே இல்லை, சரியும் அதுதான்: ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்துக்கு மேல் கோடுகள், விரல் பட்டால் அவ்வளவுதான்.

இப்போது ஐப்பசி தொடங்கினால் கிழமைக்கொரு தடவை கருவிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றுகிறோம். நீலம் இளஞ்சிவப்பானால் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். திங்கட்கிழமை காலையில் அலைநீளம் சரியா என்று அறிய, 656.1 நானோமீற்றரில் விளக்கின் டியூட்டீரியக் கோட்டைப் பார்க்காமல் வேலை தொடங்குவதில்லை.

அந்த மாரியில் பழைய வளையியை (நியமக் கரைசல்களை வைத்து முன்பு வரைந்த கோட்டை) வைத்துக் கணித்த முடிவுகளில் கூடுதலாக வந்தவை அத்தனைக்கும், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திரும்பத் தண்ணீர் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.