மண் வெப்பமானி: ஊட்டிப் பனியில் வைத்துப் பார்த்தது

ஊட்டியில் எங்கள் தோட்டத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு சோலைக்காடு உண்டு. அங்கே வைத்துப் பார்க்கத்தான் இந்த மண் வெப்பமானியை வாங்கினேன். ஜனவரி விடியலில், உறைபனி வெள்ளையாகப் படிந்த புல்லடியில் லேசாகக் குத்தினால் 3 டிகிரி. இருபதடி தள்ளி, சோலைக்குள் சருகை விலக்கிக் குத்தினால் 11!

சோலைக்குள் இருக்கும் 11 டிகிரியும் குளிர்தான். குளிரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். மண் வெளிவிடும் கரியமில வாயுவும் குறையும். சருகு முழுசாக மட்காமல் தங்கித் தங்கித்தான் சோலை மண் இவ்வளவு கறுப்பாக, கரிமம் நிறைந்து கிடக்கிறது. அந்தக் குளிரை எண்ணாகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

கம்பி நல்ல உறுதி. வேரில் தட்டியும் வளையவில்லை. பனியில் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து எண் மங்குவதுதான் குறை. அப்புறம், முள் நிலைக்க இரண்டு நிமிடமாவது பொறுங்கள், அவசரப்பட்டு எடுத்தால் தப்பாகக் காட்டும்.