லயத்துக்கு வந்து நாய்க்கு ஊசி போடும் ‘டொக்டர்’: கவனம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்தது. விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். மருந்துக் குப்பி ஜாக்கெட் பைக்குள். நாய் உறுமியதும் வாயை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டி, “இருபது கிலோ இருக்கும்” என்று கண்ணாலேயே நிறுத்து, அடங்குவதற்கென ஓர் ஊசி, பிறகு தடுப்பூசி. முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தார். 3,500 ரூபா. என்ன மருந்து என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அரை மணித்தியாலத்தில் நாய் சீமெந்துத் தரையில் சரிந்தது. கண் திறந்தேதான் இருந்தது. மூலையிலிருந்து ஒரு சவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. தகரக் கதவு சாத்திய சத்தத்துக்கு உதடு துடித்தது. போர்வை போடப் போன பிள்ளையின் கையைக் கவ்விவிட்டது.

வீட்டுக்காரர்கள் அதை அமைதி என்று நம்பியிருந்தார்கள். அசெப்ரோமசின் போன்ற அடக்கும் மருந்து உடம்பைத் தளர்த்தும், பயத்தைப் போக்காது. ஓட முடியாத நாய் திடீரென்று கடிக்கும். இரத்த அழுத்தமும் உடல் சூடும் இறங்கும். நம்மூர்க் குளிரில், வெறுந்தரையில், அது உயிருக்கே ஆபத்து. நாய் சூட்டைத் தணிப்பது நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான், வாயைக் கட்டினால் அதுவும் நடக்காது. கூடை வாய்க்கவசம் என்றால் மூச்சிரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே அதன் உள்ளே கோழித்துண்டு வைத்துப் பழக்குங்கள்.

தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ‘குளிர் ஊர்தானே’ என்பது சரியில்லை. சட்டைப் பைக்குள் உடம்புச் சூடு. ஐஸ் பெட்டி இல்லாதவரிடம் போடவே வேண்டாம். கால்நடை வைத்தியர் சபைப் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். குப்பியில் உள்ள தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அட்டையில் வரவேண்டும். இந்த நாயின் அட்டையில் இருந்தது வெறும் கிறுக்கல்.

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோவதே நல்லது. வளைவுப் பாதையில் திரீவீலில் வாந்தி எடுக்கும், ஆகவே புறப்பட 4 மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் கொண்டால் மருந்தின் அளவு சரியாக வரும். மாடு, ஆடு நிற்கும் வரிசையில் நிறுத்தாமல், கூப்பிடும்வரை வெளியே வைத்திருங்கள். பூனையை உரச் சாக்கில் கட்டவே கூடாது. மூடியுள்ள கூடையைச் சில நாள் வீட்டில் திறந்து வைத்து, அது படுக்கும் பழைய துணியை உள்ளே போட்டு, போகும்போது துவாயால் மூடுங்கள். பதற்றத்துக்கு மனித மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும்.

ஏற்கெனவே இப்படி ஊசி போட்டிருந்தால்: வாயில் கயிறு இன்னும் இருந்தால் கவனமாக அவிழ்த்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, கீழே சாக்கும் மேலே கம்பளியும் போடுங்கள். அதன் பிறகு முகத்துக்கு அருகே கையைக் கொண்டுபோக வேண்டாம். எழுந்து நிற்கும்வரை தண்ணீரோ சோறோ வாயில் ஊற்றாதீர்கள். மூச்சு மெதுவானால், முரசு (பல் ஈறு) வெளுத்தால் உடனே வைத்தியரிடம்; குப்பி கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். “நாய்க்கு ஊசி போட்டாச்சு” என்று அங்கே சொல்லாதீர்கள். யார் போட்டது, மருந்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று சொல்லுங்கள். அந்த ஊசியைக் கணக்கில் எடுக்காமல் நாய்க்குத் தடுப்பூசியை மறுபடி போடவேண்டும்.