காரில் எது வரை நம் கை, எங்கிருந்து மெக்கானிக் கை?

சர்வீஸ் முடிந்து வந்த காரில் ஏசி போட்டால் அதே பழைய புழுங்கல் வாடை. ஆனால் பில்லில் ஏசி ஃபில்டர் மாற்றியதாகப் போட்டிருந்தது. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்த இலையும் தூசியும் அப்பிக்கொண்டு பழைய ஃபில்டரேதான் இருந்தது. புதிதை வாங்கி மாட்ட ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. பத்தே நிமிட வேலை. எதை நானே செய்வது, எதை ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

வேலை சுலபமா, கஷ்டமா என்று பார்த்துப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான்: தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? அந்தத் தப்பு உடனே என் கண்ணில் படுமா?

ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனையில் பூக்கும் உப்பைத் துடைப்பது, டயர் சூடாகும் முன்பு காற்று அளவு பார்ப்பது, இதையெல்லாம் யாரும் தைரியமாகச் செய்யலாம்.

ஆயில் மாற்றுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். காரோடு வந்த கையேட்டில் எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்று இருக்கும். வீட்டில் செய்தால் அதே ஆயில்தான் போகிறது என்ற நிம்மதி உண்டு. ஆனால் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டை வேகத்தில் இறுக்கினால் மரை போய்விடும். தளர்வாக விட்டால் வழியில் ஆயில் கொட்டி என்ஜினே இறுகி நின்றுவிடும். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்து அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். சமதளத்தில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் ஒர்க்‌ஷாப்புக்கே போவது நல்லது.

பிரேக் விஷயத்தில் நான் ஒதுங்கிவிடுவேன். பிரேக் பேட் மாற்றும் வீடியோவைப் பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி உண்டாகி, மிதித்தாலும் பெடல் மெத்தென்று அமுங்கும். குழாயில் காற்று புகுந்தாலும் இதே கதைதான். சில கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதியில் நிற்கும் காற்றை எடுக்க, காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும். இதில் செய்த தப்பு வீட்டு வாசலில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். ஏர்பேக், டைமிங் பெல்ட், ஏசி கேஸ், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற ஒயர்கள், இவற்றிலும் நான் கை வைப்பதில்லை.

என்ஜின் விளக்கு எரிந்தால் இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்பு உண்டு. காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீட்டைக் காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனரை நாமே சொருகிப் படிக்கலாம். ஆனால் குறியீடு காட்டுவது அறிகுறியைத்தான். பி0171 என்று வந்தால், காற்றின் அளவுக்குப் பெட்ரோல் குறைவு என்று பொருள். எங்கோ காற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் புதுச் சென்சார் வாங்கினால் காசு வீண். சோதிக்காமல் பாகத்தை மாற்றும் ஒர்க்‌ஷாப்பிலும் அதே நஷ்டம்தான், கூலியும் சேர்ந்துகொள்ளும். அனுபவமுள்ள மெக்கானிக்கின் அருமை இங்கேதான் தெரியும். சத்தத்தைக் கேட்டே பாதி தூரம் போய்விடுவார்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கடைசியாக எதை, எத்தனை கிலோமீட்டரில் மாற்றினேன் என்று எழுதிய நோட்டோடு போகிறேன். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுவேன். நான் கேட்கும் முன்பே தேய்ந்த பேடை எடுத்துக் காட்டி, ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கியவரிடம்தான் இன்றும் காரை விடுகிறேன், கூலி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும்.