பாசாவிலிருந்து வியன்னா வரை: அப்பாவும் நானும் பத்து அணைகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய சைக்கிள் வீரன் எல்லாம் இல்லை. மியூனிக்கில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர் மிதிப்பதோடு சரி. அப்பாவுக்கு 66 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடம் சைக்கிளிலேயே டூட்டிக்குப் போனவர், ஆனால் கடைசியாக எப்போது சைக்கிளைத் தொட்டார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. போன ஜூலையில் இங்கே வந்திருந்தார். அரண்மனை, தேவாலயம் என்று இழுத்துக்கொண்டு திரிந்தால் மூன்றாம் நாளே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிடுவார் என்று பயந்து, டான்யூப் நதியை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை, சுமார் 325 கிலோமீட்டர், ஏழு நாளில் போகலாம் என்று முடிவு செய்தோம். வயதான பெற்றோரோடு போக முடியுமா என்று எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டதால் இது.

முடியும். தாராளமாக முடியும். ஆற்றின் போக்கிலேயே போவதால் மொத்தத்தில் ஏறத்தாழ 150 மீட்டர் இறக்கம்தான், காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து முதுகைத் தள்ளும், அதனால் எல்லோரும் பாசாவில் தொடங்கி வியன்னாவில் முடிக்கிறார்கள். எதிர்த்திசையில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். இந்தப் பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்றால், எஞ்சின் வருவதற்கு முன்னால் சரக்குப் படகுகளை ஆற்றின் போக்குக்கு எதிராகக் குதிரைகளைக் கட்டிக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போவார்களாம், அந்தக் குதிரைகள் நடந்த தடம்தான் பல இடங்களில் இன்றைக்கு சைக்கிள் பாதை. அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது. நீலப் பலகையில் 6 என்று போட்டிருப்பதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. நாங்கள் இரண்டு இடத்தில் தவறினோம், அது பேச்சு சுவாரசியத்தில்.

வண்டியை பாசாவில் வாடகைக்கு எடுத்தோம். வியன்னாவிலேயே விட்டுவிடலாம், அதற்கும் சேர்த்து ஆளுக்கு 150 யூரோவுக்குப் பக்கத்தில் ஆனது. அப்பா தன் சின்ன வயதில் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர். ரேட்டைக் கேட்டதும் "இதுக்கு வண்டியையே வாங்கிடலாமேடா" என்றார், அதோடு விட்டுவிட்டார். ஆனால் வண்டியில் ஒரு விஷயம் இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நம் ஊர் சைக்கிளில் பெடலைப் பின்பக்கம் சுற்றினால் கடகடவென்று சும்மா சுற்றும், ஏறுவதற்கு முன்னால் பெடலை வாகாக மேலே கொண்டுவரக் காலாலேயே பின்னால் ஒரு தள்ளு தள்ளுவோம் இல்லையா, இங்கே வாடகைக்குத் தரும் பல வண்டிகளில் பின்பக்கம் மிதித்தால் அதுதான் பின்சக்கர பிரேக். அப்பா கடை வாசலில் பெடலைத் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. "செயின் சிக்கியிருக்கு" என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். விளக்கிச் சொல்லிக் கிளம்பி ஒரு கிலோமீட்டர் கூடப் போகவில்லை, சும்மா உருண்டுகொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் பின்னால் ஒரு சுற்று, வண்டி சடக்கென்று நின்று மனிதர் ஹேண்டில்பார் மேல் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, காலை ஊன்றிவிட்டார். முழுசாகப் பழக இரண்டு நாள் ஆயிற்று. வண்டி எடுக்கும்போதே பெடல் சும்மா சுற்றுகிற வகை இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதை எடுங்கள்.

பாசாவ் மூன்று ஆறு கூடும் ஊர். டான்யூபோடு, ஆல்ப்ஸ் மலையிலிருந்து வெளிறிய பச்சையாக இன் நதியும், சதுப்பு நிலங்களின் வழியாகக் கறுப்பாக இல்ஸ் நதியும் வந்து சேர்கின்றன, நிறம் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய நகராட்சிக் கட்டடத்தின் கோபுரச் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் எதுவரை ஏறியது என்று கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 வெள்ளத்தின் கோட்டுக்குக் கீழே அப்பா போய் நின்றார், தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. அதற்கும் மேலே ஒரே ஒரு கோடு, 1501.

இப்போது "வண்டி வாகனமே இல்லாத பாதை" என்ற விளம்பரத்தைப் பற்றி. அதை அப்படியே நம்பாதீர்கள். பாசாவிலிருந்து வடகரையில் கிளம்பினால் ஒபர்ன்செல் வரை நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே போகிற பாதை, தனிப்பாதைதான், ஆனால் லாரிச் சத்தம் கூடவே வரும். லின்ஸ் நகரத்துக்குள் வடகரையில் நுழைகிற கடைசிப் பகுதியும் அப்படித்தான். வேறு சில இடங்களில் வயல்காரர்களின் டிராக்டரோடு பாதையைப் பங்குபோட வேண்டும், அது ஒரு தொந்தரவே இல்லை. இதெல்லாம் போக மீதிதான் நான் காசு கொடுத்தது. யோகென்ஸ்டைன் அணையைத் தாண்டியதும் ரோடு பிரிந்து போய்விட, ஒரு பக்கம் காட்டு மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் தார் போட்ட ஒரு கீற்று. ஹாரன் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அப்பா என் பின்னால் வராமல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டே ஓட்டி எத்தனை வருடம் ஆகிறது? பள்ளிக்கூட நாளோடு போனது. அந்த ஏழு நாளில் அப்பா பேசிய அளவுக்கு, புயலில் சாய்ந்த கம்பங்கள், டிரான்ஸ்பார்மர் மேல் ஏறிய பாம்பு, அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை எல்லாம் சேர்த்து, அதற்கு முந்தைய பத்து வருடத்தில் என்னிடம் பேசியிருக்க மாட்டார்.

எதிர்பாராத நெரிசல் சைக்கிள்காரர்களே. பேட்டரி வண்டியில் கூட்டமாக வருகிற ஓய்வு பெற்ற ஜெர்மானியர்கள் சாதுவானவர்கள், பந்தய வண்டியில் விர்ரென்று உரசிப் போகிற உள்ளூர்க்காரர்களிடம்தான் கவனம் வேண்டும். பேசிக்கொண்டு போனாலும் பெல் சத்தம் கேட்டால் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள்.

ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு கருங்கல் மலையை உடைக்க முடியாமல் கொண்டையூசி போல வளைந்து வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே வடகரையில் பாதை சட்டென்று முடிந்துவிடும், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் சின்னப் படகுதான் வழி. அரை மணி நேரம் மலை ஏறினால் மேலிருந்து முழு வளைவும் தெரியும், மூட்டுவலி இருந்தால் விட்டுவிடலாம். படகு என்றால் லின்ஸுக்கு முன்னால் ஓட்டன்ஸ்ஹைமில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சினே இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே மேலே இரும்புக் கயிறு, அதில் படகைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், படகைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் ஓடுகிற தண்ணீரே அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அப்பாவுக்கு ஒருமுறை போனது போதவில்லை. அக்கரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனோம். அப்படியே தென்கரையிலேயே லின்ஸுக்குப் போய்விட்டோம்.

லின்ஸ் ஊரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அங்கே கிடைக்கும் லின்ஸர் டோர்ட்டே என்கிற ஜாம் வைத்த கேக் நன்றாக இருந்தது. அதைத் தாண்டி மௌத்தௌசன். ஆற்றங்கரையில் வண்ண வண்ணச் சுவர்களோடு அழகான சின்ன ஊர், அதற்கு மேலே குன்றில் 1938 முதல் 1945 வரை இயங்கிய நாஜி வதை முகாம். பாதையிலேயே ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அடைக்கப்பட்டு, குறைந்தது 90,000 பேர் செத்த இடம் வருகிறது என்பது பாதைப் படங்களைப் பார்க்கும்போது உறைக்காது. ஏற்றம் செங்குத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். கைதிகள் கருங்கல்லை முதுகில் சுமந்து ஏறிய குவாரிப் படிகள் 186. அப்பா மேலே நின்று பார்த்தார், இறங்கவில்லை. அன்று மதியத்துக்கு மேல் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவும் இல்லை, பேசவும் இல்லை. அரை நாள் ஒதுக்கிப் போங்கள், போகாமல் தாண்டிவிடாதீர்கள்.

அடுத்து அணைகள். ஆஸ்திரியப் பகுதி டான்யூபில், எல்லையில் இருக்கும் யோகென்ஸ்டைனையும் சேர்த்து, பத்து நீர்மின் நிலையங்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும், எனக்கோ ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் போனது. டர்பைன் எங்கே, கப்பல் கடந்து போகிற லாக் எப்படித் திறக்கிறது, லைன் எந்தப் பக்கம் போகிறது என்று வேலிக்கு வெளியிலிருந்தே அப்பா வகுப்பெடுத்தார். அவர் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது: அணைக்கு மேற்புறம் ஆறு ஆறாகவே இல்லை, ஏரி மாதிரி நிற்கிறது. அந்த இடங்களில் பாதை நீளமான கரைமேட்டின் மேல் ஒரே நேர்கோட்டில், நிழல் இல்லாமல், எட்டுப் பத்து கிலோமீட்டர் போகும். ஜூலை வெயிலில் அது சத்தியமாக போர். கிரைனுக்கு முன்னாலும் துல்னுக்கு முன்னாலும் இப்படிப்பட்ட இடங்களுக்கு இரண்டு பாட்டில் தண்ணீராவது வேண்டும்.

மெல்கில் குன்றின் மேல் மஞ்சள் நிறத்தில் பிரமாண்டமான மடாலயம், 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கிற இடம், இப்போது நிற்கிற கட்டடம் 18-ஆம் நூற்றாண்டு. நூலகத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம். அங்கிருந்து க்ரெம்ஸ் வரை 36 கிலோமீட்டர் வாஹாவ் பள்ளத்தாக்கு. இதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள், வரட்டும், தகும். இந்தப் பகுதியில் அணை இல்லை, கட்ட நினைத்ததை மக்களே எதிர்த்து நிறுத்திவிட்டார்கள், அதனால் தண்ணீர் சலசலத்து ஓடுவது காதில் விழும். மலைச்சரிவெல்லாம் சாந்து பூசாமல் கல் அடுக்கிக் கட்டிய படிகளில் திராட்சை, கீழே ஆப்ரிகாட் தோப்பு. நாங்கள் போனது பழம் பறிக்கிற நேரம். தோட்டத்து வாசலில் பெட்டியில் பழம், பக்கத்தில் உண்டியல், ஆள் இல்லை. அப்பா ஒரு பெட்டி எடுத்துக் காசைப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டதை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். பழம் வெயில் சூட்டோடு இருந்தது. கடித்தால் முழங்கை வரை வழியும்.

இங்கே ஒரு யோசனை: மெல்கிலிருந்து தென்கரையில் போங்கள், கூட்டம் குறைவு. ஆர்ன்ஸ்டார்ஃபில் கயிற்றுப் படகில் ஸ்பிட்ஸுக்குக் கடந்து, மிச்சத்தை வடகரையில் ஓட்டினால் வைசன்கிர்ஹனும், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-இல் பிடித்துச் சிறைவைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டையும் கிடைக்கும். கோட்டைக்கு ஏறுவதற்கு பதிலாகக் கீழே உட்கார்ந்து ஆப்ரிகாட் உள்ளே வைத்த கொழுக்கட்டை சாப்பிட்டோம். ஆமாம், கொழுக்கட்டையேதான், மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள்.

சாப்பாடு பற்றி சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: காலையில் தங்குமிடத்தில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று குறையில்லை. இரவில் பாலாடைக்கட்டி போட்ட ஸ்பெட்ஸ்லே என்று ஏதோ ஒன்று கிடைக்கும். சூப்பில்தான் ஏமாறுவீர்கள். தோசையைக் கீறிப் போட்டது போல ஒரு சூப், பார்க்க சைவம், தண்ணீர் மாட்டெலும்பு வேகவைத்தது. கேட்டுவிட்டு வாங்குங்கள். ஞாயிறு கடைகள் மூடிக்கிடக்கும், சின்ன ஊர்களில் வார நாளிலும் ஒரு நாள் ஹோட்டல் லீவு. அப்பாவின் பருப்புப் பொடி இரண்டு இரவைக் காப்பாற்றியது.

பெட்டியைத் தங்குமிடத்துக்குத் தங்குமிடம் வேனில் கொண்டுவந்து தர ஆள் வைத்திருந்தோம். ஆறு நாளில் ஐந்து நாள் எங்களுக்கு முன்னாலேயே பெட்டி வந்திருந்தது. ஒரு நாள் இரவு ஒன்பது மணி, அப்பாவின் பிரஷர் மாத்திரை அதற்குள்ளே. போன் எடுக்கவில்லை, மறுநாள் ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. மாத்திரையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரெம்ஸுக்கும் துல்னுக்கும் நடுவில் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம். கட்டி முடித்தபின் 1978 நவம்பர் 5-இல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள், 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றதும் அப்படியே நிறுத்திவிட்டார்கள், ஒரு யூனிட் மின்சாரம்கூட எடுக்கவில்லை. அப்பாவால் நம்ப முடியவில்லை.

"கட்டி முடிச்சிட்டு ஓட்டெடுத்தாங்களா?"

"ஆமாப்பா."

"சுவிட்சைப் போடவே இல்லையா?"

"இல்லப்பா."

வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏழு நாளில் அவர் தானாகக் கேட்டு போட்டோ எடுத்துக்கொண்டது அங்கே ஒன்றுதான்.

மார்க் போட வேண்டுமென்றால் பத்துக்கு எட்டரை. நெடுஞ்சாலைச் சத்தத்துக்கு ஒன்று, கரைமேட்டு வெயிலுக்கு அரை குறைத்திருக்கிறேன். வியன்னாவுக்குள் நுழைவது பயமாக இருக்குமோ என்று நினைத்திருந்தேன், ஆற்றுக்கு நடுவே 21 கிலோமீட்டர் நீளத் தீவு ஒன்று இருக்கிறது, நகரத்தின் ஒரு காரைக்கூடத் தொடாமல் அதன் வழியாகவே போய்விடலாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்க மாலை ஆறு வரை நேரம் இருந்தது. நான் ஸ்டீபன் பேராலயம் போகலாம் என்றேன். ஒன்பது அணை பார்த்தாகிவிட்டது, பத்தாவது ஃப்ராய்டனாவ் தீவின் கடைசியில்தானே இருக்கிறது, கோயிலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அணைக்குப் போனோம். மறுநாள் காலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது.