நாடக நோட்டீஸை எங்கே ஏற்றுவது? விக்கித்தரவு, விக்கிபேஸ், ஒமேகா எஸ்: ஒரு ஒப்பீடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் மரத்தூணும் பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்குச்சட்டியும் தேடுவார்கள். நான் தேடுவது காகிதம். நாடக நோட்டீஸ், கச்சேரி விவரம் அச்சடித்த பழைய கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை. பெரியப்பா விட்டுப்போன தகரப் பெட்டியில் இருந்தவற்றையும் சேர்த்தால் 200-க்குக் கொஞ்சம் மேலே வரும். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் நிஜமான வேலை ஆரம்பித்தது. இதை எங்கே, எந்த வடிவத்தில் வைத்தால் முன்பின் தெரியாத ஒருவர் தேடும்போது கையில் கிடைக்கும்?

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். படங்களை பிடிஎஃப் ஆக்கி கூகுள் டிரைவில் போட்டு, இணைப்பை நண்பர்களுக்கு அனுப்பினேன். பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஒரு ஸ்திரீபார்ட் (நாடகத்தில் பெண் வேடம்) கலைஞர் எந்தெந்த ஊரில் ஆடினார் என்று ஒருவர் கேட்டபோது, அத்தனை படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. சரி என்று எக்செலில் ஏற்றினேன். அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எக்செலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது. ஒரு பத்திரிகையில் 'ராமானுஜ அய்யங்கார்', இன்னொன்றில் 'இராமாநுஜ ஐயங்கார்', மூன்றாவதில் வெறும் 'அரியக்குடி'. எக்செல் கணக்கில் இவர்கள் மூன்று பேர். சங்கீதக்காரர்கள் 'அரியக்குடி பாடினார்' என்றால் அது மனிதர். எங்களுக்கு அரியக்குடி என்றால் பெருமாள் கோயில் இருக்கும் பக்கத்து ஊர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் இணைப்புத் திறந்த தரவு. 2006-ல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கு நான்கு விதிகளை எழுதினார். சாரம் எளிது. ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் நிகழ்ச்சிக்கும் நிலையான ஒரு வலை முகவரி கொடு. அந்த முகவரிக்குப் போனால் தகவல் கிடைக்க வேண்டும். அந்தத் தகவல் மற்ற முகவரிகளைச் சுட்ட வேண்டும். அரியக்குடி ராமானுஜ அய்யங்காரின் குரு பூச்சி சீனிவாச அய்யங்கார் என்று நான் எழுதுகிறேன். பூச்சியின் குரு பட்டணம் சுப்பிரமணிய அய்யர் என்று வேறொரு நாட்டு நூலகம் எழுதுகிறது. இருவரும் பூச்சிக்கு ஒரே முகவரியைப் பயன்படுத்தியிருந்தால், நாங்கள் ஒருவரையொருவர் அறியாமலே மூன்று தலைமுறைச் சங்கிலி பூர்த்தியாகிவிடும்.

எந்த மென்பொருள் என்று பார்ப்பதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பதிவின் நடுவில் எதை வைப்பது? கலைஞரையா, நாடகத்தையா, குழுவையா?

இந்தப் பக்கம் கோயில் திருவிழா என்றால் இன்றும் வள்ளி திருமணம் நாடகம் உண்டு. அது ஸ்பெஷல் நாடகம் என்ற வகை. அதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (ஆண் நாயக வேடம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். ராத்திரி 10 மணி வாக்கில் மேடைக்குப் பின்னால் சந்தித்து, விடியும்வரை ஆடிவிட்டு, அவரவர் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது முடிகிறது. அதே ஆட்கள் அதே மேடையில் மறுபடி சேராமலே போகலாம். அவரே 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா மாதிரி ஒரு கம்பெனி என்றால், குழுவுக்கு ஒரு பதிவு போட்டு அதற்குக் கீழே எல்லாவற்றையும் அடுக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தில் அதற்கு வழியே இல்லை. நடுவில் வைக்க வேண்டியது அந்த ஒரு ராத்திரி.

நியூயார்க்கில் 1891-ல் திறந்த கார்னகி ஹால், தன் நிகழ்ச்சி வரலாற்றை 2017-ல் இணைப்புத் திறந்த தரவாக வெளியிட்டது. அங்கேயும் நடுவில் இருப்பது நிகழ்ச்சிதான். அதைச் சுற்றித்தான் கலைஞர், இசைக்கருவி, படைப்பு எல்லாம் வருகின்றன. அவர்கள் யாருடைய மென்பொருளுக்குள்ளும் அடங்காமல் சொந்த முகவரிகளை உருவாக்கி, அவற்றை விக்கித்தரவு (யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளம்) போன்ற வெளித் தளங்களோடு இணைத்தார்கள். அதற்கு ஒரு பெரிய அரங்கின் ஆவணக் காப்பகமும் முழுநேர ஆளும் வேண்டும். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து வேலை செய்கிற நமக்கு அந்த மாதிரி அப்படியே ஒத்துவராது. ஆனால் நிகழ்ச்சியை நடுவில் வைக்கும் அந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம்.

விக்கித்தரவில் நேராக ஏற்றுவது

விக்கித்தரவு 2012 அக்டோபரில் தொடங்கியது. சர்வர் செலவு இல்லை, பராமரிப்பு இல்லை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் அங்கே ஏற்கெனவே அடையாள எண் இருக்கிறது. ஒரே பதிவில் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் மாற்று எழுத்துக்கூட்டல்களும் இடம்பெறலாம். அய்யங்கார், ஐயங்கார் சண்டை அங்கே ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். 1952-ல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர்களில் பெயருக்கு முன்னால் எங்கள் வட்டாரத்து ஊரைச் சுமந்தவர்கள் இரண்டு பேர்: அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், வீணை காரைக்குடி சாம்பசிவ அய்யர். இவர்களைப் போன்றவர்களுக்கு விக்கித்தரவுதான் சரியான வீடு. பழைய கல்யாணப் பத்திரிகையில் 'காரைக்குடி சகோதரர்கள் வீணைக் கச்சேரி' என்று இருந்தால், சகோதரர்களுக்கு ஒரு பதிவு, அதற்குள் சுப்பராம அய்யர், சாம்பசிவ அய்யர் என்று ஆளுக்கு ஒரு பதிவு. வீணையை நிறுத்திவைத்து வாசித்தவர் அண்ணன் சுப்பராம அய்யர். இருவரையும் ஒரே பெயருக்குள் அடைத்தால் இந்தத் தகவலை எங்கே எழுதுவது?

ஆனால் நாடக நோட்டீஸுக்கு வரும்போது இடறுகிறது. ராஜபார்ட் என்பது பாத்திரத்தின் பெயர் கிடையாது. அதே நடிகர் வள்ளி திருமணத்தில் முருகன், பவளக்கொடியில் அர்ஜுனன். நடிகர் ஏற்ற பாத்திரத்தைச் சொல்ல விக்கித்தரவில் இடம் உண்டு, அங்கே முருகனை எழுதலாம். ராஜபார்ட்டை அதே இடத்தில் எழுதினால் தப்பாகிவிடும். அதை ஒரு பங்குவகை என்று தனியாகப் பதிவாக்கி, வேறொரு பண்பின் (தகவல் கட்டத்தின்) வழியாகத்தான் சேர்க்க வேண்டும். செய்யலாம். ஆனால் பின்னால் வருகிற ஒருவர் நல்லெண்ணத்தோடு 'திருத்தி'விடவும் கூடும்.

தேதி இன்னொரு தலைவலி. நோட்டீஸில் 'நந்தன வருஷம் ஆனி மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் அது 1952 ஆகவும் இருக்கலாம், 1892 ஆகவும் இருக்கலாம், 2012 ஆகவும் இருக்கலாம். காகிதத்தையும் அச்சையும் 'மைக்செட்' என்ற வார்த்தையையும் பார்த்து 1952 என்று நான் முடிவு செய்கிறேன். விக்கித்தரவு கிரிகோரியன், ஜூலியன் என்ற இரண்டு நாட்காட்டிகளைத்தான் ஏற்கும். நோட்டீஸில் இருந்த வரியும் என் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே அது சுலபமாக அமையவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தடை, யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு அங்கே இருக்கும் விதி. பொதுவெளியில் நம்பகமான சான்று இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு பதிவை இணைக்க அது தேவைப்பட வேண்டும். முப்பது வருஷம் பபூனாக ஆடி இந்தப் பக்கம் முழுக்கச் சிரிக்கவைத்த ஒருவரைப் பற்றி அச்சில் இருக்கும் ஒரே சான்று நாடக நோட்டீஸ்தான். அது போதாது என்று பதிவு நீக்கப்பட வாய்ப்பிருக்கிறது. எந்தக் கலைஞர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த வேலையைத் தொடங்கினேனோ, அவர்களுக்கே அங்கே இடம் உறுதியில்லை.

சொந்த விக்கிபேஸ்

விக்கித்தரவு ஓடுவது விக்கிபேஸ் என்னும் மென்பொருளில். அதை நாமே நிறுவிக்கொண்டால் விதியை நாமே எழுதலாம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பின்பாட்டு, டான்ஸ் என்று நம் வார்த்தைகளிலேயே பண்புகளை அமைக்கலாம். மனசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

ஒரு நண்பரின் உதவியோடு வாடகை சர்வரில் போட்டுப் பார்த்தேன். மீடியாவிக்கி (விக்கிகளின் அடிப்படை மென்பொருள்), தரவுத்தளம், தேடல், தரவிடம் கேள்வி கேட்க உதவும் வினவல் சேவை என்று பல துண்டுகள் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு வினவல் சேவை நின்றுபோனது. நண்பர் வேலை மாறி வெளியூர் போய்விட்டதால் சரிசெய்ய ஆளில்லை. இன்னொன்று, புதிய விக்கிபேஸ் வெறும் வீடு. பண்புகள் முதல் எண்ணிலிருந்து தொடங்கும். விக்கித்தரவில் 'இவரிடம் பயின்றவர்' என்ற பண்பு 1066-ம் எண், என்னுடையதில் 7-ம் எண். இரண்டும் ஒன்றே என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விக்கிமீடியா ஜெர்மனி நடத்தும் விக்கிபேஸ் கிளவுட்டில் சர்வர் பாரம் இல்லை, இந்த இணைப்பு வேலை மட்டும் அங்கேயும் அப்படியே இருக்கும். ஒரு பல்கலைக்கழகத் துறை கணினி ஆளோடு எடுத்துச் செய்தால் இதுதான் மிகச் சிறந்த வழி. தனி ஆளுக்கு வேண்டாம் என்பேன்.

ஒமேகா எஸ்

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ராய் ரோசன்ஸ்வைக் மையத்தில், சேகரிப்புகளை வலையில் வைப்பதற்காக உருவான மென்பொருள். சாதாரண வாடகை ஹோஸ்டிங்கிலேயே ஓடும். நோட்டீஸின் படமும் அதன் விவரமும் ஒரே இடத்தில் இருக்கும் என்பது எனக்குப் பெரிய விஷயம். விக்கித்தரவில் படம் வேறு தளத்துக்குப் போக வேண்டும். இங்கே 'ஒரு ராத்திரி' என்று ஒரு படிவம் அமைத்தேன். நடந்த ஊர், கோயில், நோட்டீஸில் இருந்தபடி தேதி, நான் கணித்த தேதி, நாடகம், அப்புறம் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கட்டம். கலைஞர்கள் தனிப் பதிவுகள். கூடுதல் தொகுதிகளை (மாட்யூல்) சேர்த்துக்கொண்டால், ஊர்ப்பெயரைத் தட்டும்போதே விக்கித்தரவு எண்ணைத் தேடிக் கொடுக்கிறது. வெளியே தரவு ஜேசன்-எல்டி வடிவில் போகும், அதாவது மற்ற கணினிகள் படிக்கக்கூடிய இணைப்புத் தரவாகவே.

குறையும் உண்டு. விக்கித்தரவில் செய்வதுபோல 'தேவகோட்டைப் பக்கம் பவளக்கொடி ஆடிய ஸ்திரீபார்ட்கள், அவர்களோடு வாசித்த ஆர்மோனியக்காரர்கள்' என்று சிக்கலான கேள்வி கேட்கும் வசதி அதில் உடன் வருவதில்லை. ஹோஸ்டிங் பணம் கட்டாமல் விட்டால் முகவரிகள் எல்லாம் செத்துவிடும். நிலையான முகவரி என்பதுதானே இந்த வேலையின் உயிர்? அதனால் டபிள்யூ3ஐடி என்ற இலவசச் சேவை வழியாக முகவரிகளை அமைத்தேன். நாளை தளம் இடம் மாறினாலும் அந்த முகவரி புதிய இடத்துக்குத் திருப்பிவிடும். தரவின் முழு நகலை ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்திலும் அவ்வப்போது வைக்கிறேன்.

தேடுபொறிகளுக்குப் புரியும் ஸ்கீமா.ஆர்க் குறியீட்டை வலைப்பக்கத்திலேயே பதிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. வரப்போகும் நிகழ்ச்சியை கூகுளுக்குத் தெரிவிக்க நல்லது. எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியைச் சொல்ல அது போதாது.

எந்த வழியாக இருந்தாலும் திறந்துவிடும் முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். யார், எங்கே, எப்போது ஆடினார் என்ற தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை. நோட்டீஸில் இருக்கும் ஓவியத்துக்கும் இசைத்தட்டின் ஒலிக்கும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு, எழுத்துக்கும் இசைக்கும் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆகவே தகவலை முழுதாகத் திறந்துவிட்டு, படத்துக்கு ஒவ்வொன்றாக முடிவெடுக்கிறேன். இரண்டாவது, அண்மைக்கால நோட்டீஸ்களில் கலைஞரின் படத்துக்குக் கீழே போன் நம்பர் இருக்கும். அது நாடகம் பேச வருகிறவருக்காக அச்சிட்டது. அதை மறைத்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். உயிரோடு இருக்கும் கலைஞர்களிடம் கேட்ட பிறகே பெயர் போகிறது. விக்கித்தரவில் ஒருமுறை திறந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நம் தளத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம். ஒமேகா பக்கம் நான் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இந்தப் பேச்சு முடியாது. புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும்கூட மதித்துச் சேர்த்தவர். 1992-ல் அவர் காலமான பின், சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அது பிழைத்தது ஒரு நிறுவனம் பொறுப்பேற்றதால். எனக்குப் பின் என் பெட்டியை யார் ஏற்பார்கள் என்பது தெரியாத நிலையில், எந்த மென்பொருளில் வசதி அதிகம் என்பதைவிட, எதிலிருந்து தரவை முழுதாக வெளியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியும் என்பதையே பார்த்தேன்.

ஆக, இப்போது செய்வது இரண்டும் கலந்தது. ஊர்கள், நாடகங்கள், பொதுவில் அறியப்பட்ட கலைஞர்கள் விக்கித்தரவில். ஒவ்வொரு ராத்திரியும், அதில் ஆடிய எல்லோரும் ஒமேகாவில், அந்த எண்களைச் சுட்டிக்கொண்டு. நடுவே ஓபன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியால் பெயர்களைப் பொருத்துகிறேன். நிறைய வேலையை அது மிச்சப்படுத்துகிறது, ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஒரு நோட்டீஸில் 'கொத்தமங்கலம்' என்று இருந்தது. செட்டிநாட்டுக் கொத்தமங்கலம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். வயதான ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் அச்செடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இது நம்ம கொத்தமங்கலம் இல்லப்பா. ஆலங்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலம். அந்த ராத்திரி நான்தான் வாசிச்சேன்" என்றார். நோட்டீஸில் அச்சாகியிருந்த ஆர்மோனியக்காரர் பெயர் வேறு. அவருக்குக் காய்ச்சல் கண்டு இவர் போயிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலமே படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கூட்டினேன்: 'நோட்டீஸில் இருந்தவர்', 'உண்மையில் ஆடியவர்'. அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக, 'சொன்னவர் யார், எந்தத் தேதியில்'.